இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ரேஸ் கோளாறுகள்: ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியச் சந்தைக்கு 1985-இல் வந்தது. 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சி.சி. கொள்ளளவு, நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் என்ற எளிய கணக்கில் அமைந்த அந்த எஞ்சின் இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டி என்பதால் அந்த வேகம், அதாவது ரேஸ், ஏறுவதையும் இறங்குவதையும் காதால்தான் கணிக்க வேண்டும். ரேஸ் ஏறவில்லை, ஏறினால் இறங்கவில்லை, ஏறுகிறது ஆனால் வண்டி நகரவில்லை என்று மூன்று வகையாக வரும் புகார்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஓசூரில் தயாரான மேக்ஸ் 100, சாமுராய், ஷோகன் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் சோதிக்கும் முறை இதுவே. அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

ரேஸ் ஏறவில்லை என்றதும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து தொடங்குவது சரியா?

சரியல்ல. நேற்று மாலை வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை திணறினால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவோ ஊசியின் உயரமோ இரவோடு இரவாக மாறியிருக்க முடியாது. ஏதோ அடைத்திருக்கிறது, அறுந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். மாறாக, சில மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்து வந்தால் கார்பன் படிவு, ரிங் தேய்மானம், ஆயில் சீல் கெட்டிப்பட்டுப் போவது போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆக்சிலேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது கோளாறு வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நியூட்ரலில் முறுக்கினாலும் வருகிறதா அல்லது கியரில் பாரம் ஏறும்போது மட்டுமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. பதில் இல்லாமல், காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினால், பழைய கோளாறோடு புதிய கோளாறு ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பிறகு இரண்டையும் பிரித்தறிவது மிகவும் கடினம்.

ஆக்சிலேட்டரின் நிலையை வைத்து கோளாறு இருக்கும் இடத்தை எப்படி அறிவது?

கைப்பிடி ரப்பரிலும் அதன் அருகிலுள்ள சுவிட்ச் பெட்டியிலும் சிறு காகித டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேபிளில் தளர்ச்சி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கோடுகளுக்கு அர்த்தமில்லை. முழுதாக முறுக்கும்போது, கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு உண்மையிலேயே முழுதாக உயர்கிறதா என்று ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி எட்டிப் பார்ப்பதும் அவசியம். கேபிள் மடங்கியதால் முக்கால் பங்குக்கு மேல் ஸ்லைடு ஏறாத வண்டிக்கு எஞ்சினையே பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அதிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டுக்கு முக்கியத்துவம் அதிகம். கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது இறங்கும் ஊசி ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. அதற்கு மேல் மெயின் ஜெட்தான். ஆகவே அரை ஆக்சிலேட்டரில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது வீண் செலவு. கோளாறு ஆக்சிலேட்டரின் நிலையைப் பின்பற்றாமல், எந்தத் திறப்பிலும் குறிப்பிட்ட ஒரு சுற்று வேகத்தில் மட்டுமே வருமானால், கார்புரேட்டரை விட்டுவிட்டு, பொறி தரும் இக்னிஷனையும் சைலன்சரையும் பாருங்கள்.

பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா, காற்று கூடுதலாகப் போகிறதா என்பதை வண்டியில் இருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். திணறல் வரும் நிலையிலேயே ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சிறிது திறந்து பாருங்கள். உடனே இழுவை தெளிந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் மிகுதி. இதற்கு எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. வெறிச்சோடிய சாலையில், நடுத்தர வேகத்தில் போகும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இறங்க இறங்கக் கலவையில் காற்று கூடும். எஞ்சின் நிற்பதற்குச் சற்று முன்பு சில நொடிகள் வண்டி திடீரெனச் சீராகப் பாய்ந்தால், இதுவரை பெட்ரோல் மிகுந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அந்த நொடிகளில் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கக் கூடாது; காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஸ்பார்க் பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். ஈரமான கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி, காபிப் பொடி நிறம் என்றால் சரி, சுண்ணாம்பு போன்ற வெளுப்பு என்றால் காற்று மிகுதி. ஆனால் ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து முழு ஆக்சிலேட்டர் நிலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எந்த நிலையைச் சோதிக்கிறோமோ அந்த நிலையிலேயே சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, பிறகு கழற்றிய பிளக் மட்டுமே பேசும்.

காற்று மிகுந்தால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

இந்த எண்ணத்தால் எரிந்துபோன பிஸ்டன்கள் ஏராளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உயவு ஆயில் அடியில் தனியாகச் சுற்றுகிறது. இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங், பிஸ்டன், ரிங் ஆகிய அனைத்துக்கும் வேண்டிய ஆயில் உள்ளே வரும் கலவையோடுதான் வந்து சேர வேண்டும். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனின் சூட்டையும் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. ஆகவே காற்று மிகுந்து கலவை வறண்டால் சூடு ஏறுகிறது, குளிர்ச்சி குறைகிறது. ஆயிலும் பெட்ரோலில் கலந்து வரும் வண்டியாக இருந்தால் உயவும் சேர்ந்தே குறைகிறது. முதலில் வண்டி கூர்மையாகப் பாய்வதுபோலத் தோன்றும். பிறகு நீண்ட ஏற்றத்திலோ நெடுஞ்சாலையிலோ பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது எஞ்சின் திடீரென்று தளர்ந்து, உலோகம் உரசுவதுபோல ஒலித்தால், அந்த நொடியே கிளட்சைப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுந்துவிடுவீர்கள்.

பாதுகாப்புக்காக 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவோருக்கும் ஒரு சொல். டாங்கில் ஆயில் கலக்கும் வண்டியில், லிட்டருக்கு 20 மி.லி. போதும் என்ற இடத்தில் 40 மி.லி. ஊற்றினால், அதே ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. திரவமும் சற்றே கெட்டியாகிறது. விளைவாகக் கலவை சிறிது வறள்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவே பாதுகாப்பான அளவு. ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்பு வழியாக வருவதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பம்பின் கேபிள் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து நகர்கிறதா, அதன் குறிகள் பொருந்துகின்றனவா, ஆயில் குழாயில் காற்றுக் குமிழ் நிற்கிறதா என்பதை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்டார்ட்டிங் நன்று, ஐட்லிங்கும் நன்று. ஆனால் பாதி ரேஸுக்கு மேல் எஞ்சின் அடைத்தாற்போல நின்றுவிடுகிறது. ஏன்?

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் புகாருக்கு முதல் காரணம் சைலன்சரில் படிந்த கார்பன். எரியாத ஆயில் புகையோடு போகும்போது, சிலிண்டரின் புகை வாயிலிலும் சைலன்சரின் பின்முனையில் செருகியிருக்கும் பஃபிள் குழாயிலும் தார் போலப் படிந்து, நாளடைவில் கெட்டியாகிறது. குறைந்த வேகத்தில் வெளியேற வேண்டிய புகை குறைவு என்பதால் அடைப்பு தெரிவதில்லை. ரேஸ் ஏறும்போது பழைய புகை முழுதாக வெளியேறாமல் சிலிண்டரிலேயே தங்கிவிடுகிறது; புதிய கலவைக்கு இடமில்லாமல் போகிறது.

சோதனை எளிது. பின்முனையில் உள்ள ஸ்க்ரூவை எடுத்து பஃபிளை வெளியே இழுங்கள். பல நாள் திறக்காத வண்டியில் பிளையரால் திருகி இழுக்க வேண்டியிருக்கும். பஃபிள் இல்லாமல் ஒரு சிறு சுற்று ஓட்டிப் பாருங்கள். ரேஸ் தெளிவாக ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. துளைகளைக் கம்பி பிரஷால் சுரண்டி எடுக்கலாம். மிகவும் கெட்டியாக இருந்தால் பஃபிளைத் தனியே நெருப்பில் காட்டிச் சுட்டு, ஆறிய பின் தட்டினால் கார்பன் ஓடு ஓடாக உதிரும். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கும் முறையும் பட்டறைகளில் உண்டு. அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் எரித்துவிடும், அலுமினியத்தையும் அரிக்கும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

பஃபிள் இல்லாமல் நன்றாக ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைக் குழாய் அல்ல. புகை வாயிலிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாயின் வடிவத்தால் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும் வகையில் அதன் நீளமும் குறுகலும் கணக்கிடப்பட்டுள்ளன. கண்டபடி வெட்டிய சைலன்சரோடு ரேஸ் கோளாறைத் தேடுவது பயனற்றது. முதலில் கம்பெனி அளவிலுள்ள சைலன்சர் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

முழு வேகத்தில் சிறிது தூரம் போனதும் இழுவை போய்விடுகிறது. நிறுத்தி மீண்டும் எடுத்தால் சரியாகிவிடுகிறது. இது என்ன?

பெட்ரோல் வரத்து போதவில்லை. கிண்ணத்தில் சேர்ந்திருப்பது தீரும் வரை ஓடி, பிறகு வறண்டு, நிறுத்தினால் மீண்டும் நிரம்புகிறது. கோளாறு வரும்போது டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய் வண்டி தெளிந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பெட்ரோலை விட்டுப் பாருங்கள். அது தொடர்ச்சியான தாரையாக விழ வேண்டும். சொட்டினால் பெட்ரோல் டேப்பின் அடியிலுள்ள கிண்ணமும் டாங்குக்குள் நிற்கும் வலையும் துருவால் நிறைந்திருக்கும். டாங்குக்குத் துரு நீக்கம் செய்யாமல் வலையை மட்டும் கழுவினால் சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

குளிர்ந்த நிலையில் பிரமாதமாக ஓடி, சூடேறியதும் மிஸ் அடிப்பது ஏன்?

பெரும்பாலும் இக்னிஷன். பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் மின் முனைகள்) உள்ள வண்டியில், அதோடு இணைந்த கண்டென்சரை முதலில் சந்தேகிக்கலாம். கிராங்கோடு சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால், எஞ்சின் ஓடும்போது பாயின்ட் முனைகளுக்கிடையே பளிச்சென்று பெரிய பொறி தெறிக்கும். பிளக்கிலோ பொறி மங்கலாக இருக்கும். பாயின்ட் முனைகள் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சமப்படுத்தி, ஃபீலர் கேஜால் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வைத்து, அதன் பிறகே டைமிங்கை, அதாவது பொறி விழும் தருணத்தை, பார்க்க வேண்டும். ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். டைமிங் பின்தங்கினால் ரேஸ் சோம்பலாக ஏறும், சைலன்சர் வளைவு அளவுக்கு மீறிச் சுடும். முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் ‘கிண் கிண்’ என்று தட்டும்.

சி.டி.ஐ. (பாயின்ட் இல்லாத மின்னணு இக்னிஷன்) பொருத்திய வண்டியில், மேக்னட் தட்டிலுள்ள சுருள்களின் கம்பி இழை சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப் போவது உண்டு. ஆகவே கோளாறு தெரியும் அந்தச் சூட்டிலேயே மல்ட்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். ஆறிய பின் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் புதிய பிளக்கையும் புதிய பிளக் கேப்பையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு, தீரும் கோளாறுகள் மிக அதிகம்.

டைமிங் வைத்த சில நாட்களிலேயே மீண்டும் மாறிவிட்டால், மேக்னட்டைக் கிராங்கோடு பூட்டும் சிறிய அரைவட்டக் கீ நசுங்கியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கவும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க மறுக்கிறது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்தால் போதுமா?

கேபிளும் ஸ்லைடும் தடையின்றி ‘டக்’ என்று திரும்பி விழுகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஹேண்டிலை இருபுறமும் திருப்பும்போது ரேஸ் மாறினால் கேபிள் ஓடும் வழி தவறு. இவை சரியாக இருந்தும் ரேஸ் தொங்கினால், கார்புரேட்டரைத் தாண்டி எங்கிருந்தோ காற்று நுழைகிறது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து அதை மறைப்பது ஆபத்தானது. அதே காற்று முழு வேகத்திலும் கலவையை வறட்டிக்கொண்டிருக்கும்.

நுழையும் இடங்கள் நான்கைந்துதான்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டின் வெடிப்பு, ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்கள்) பெட்டியின் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், கிராங்க் கேஸ் இணைப்பு, கிராங்கின் மேக்னட் பக்க ஆயில் சீல். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சினால், கசிவுள்ள இடத்தில் ரேஸ் உடனே மாறும். அது எரியும் திரவம். சூடான சைலன்சர் வளைவின் மேல் படாமல் சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்த வேண்டும். மேக்னட் மூடியைத் திறந்து பாருங்கள். உலர்ந்திருக்க வேண்டிய அந்த அறையில் ஆயில் பிசுக்கு பரவியிருந்தால் சீல் போய்விட்டது. ஐயம் தீராவிட்டால் கார்புரேட்டர் வாயையும் புகை வாயையும் அடைத்து, கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே முடிவான சோதனை. நல்ல பட்டறை இதைச் செய்யத் தயங்காது. எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீரமைத்தவுடன் இதைச் செய்யுமாறு நீங்களே கேட்டு வாங்குங்கள்.

சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் தானாக ரேஸ் ஏறினால் என்ன செய்வது?

சோக்கை முழுதாகத் திறந்து பெட்ரோலால் மூழ்கடியுங்கள். நிற்காவிட்டால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, டாப் கியருக்கு மாற்றி, கிளட்சை விட்டு எஞ்சினை அடக்குங்கள். பெட்ரோல் டேப்பை மூடினால் நிற்க நேரமாகும். பிறகு காற்றுக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, சிலிண்டர் ஹெட்டில் தணலாக நின்று கலவையைப் பற்றவைக்கும் கார்பனைச் சுரண்டி எடுக்கும் வரை அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

வெண்புகை தள்ளுகிறது, பிளக் அடிக்கடி நனைகிறது, ரேஸும் மந்தம். 2டி ஆயில் அதிகமா?

கியர் ஆயில் அளவைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்க ஆயில் சீல் தேய்ந்து, கிராங்க் கேஸ் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் கியர் ஆயில் உள்ளே போகிறது. சீலை மாற்றுவதே தீர்வு. இரு பக்க சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. எஞ்சின் கோளாறா?

கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் ஏற்றம் ஏறும்போது சட்டென்று முறுக்கினால் சத்தம் மட்டும் உயரும். லீவர் முனையில் 2 முதல் 3 மி.மீ. தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கார் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் மாற்றுங்கள். அதற்குப் பிறகே பிளேட்டும் ஸ்பிரிங்கும்.

ரீட் வால்வு கெட்டால் எப்படித் தெரியும்?

குறைந்த ரேஸில் திணறலும், கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் ஆவி பின்னோக்கிப் பீய்ச்சுவதும், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் பெட்ரோலில் நனைந்திருப்பதும் அடையாளங்கள். பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் எஃகு இதழ்கள் படுகைமேல் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இதழின் ஒரு மூலை உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

எஞ்சினைப் பிரிக்காமல் ரிங், பிஸ்டன் நிலையைப் பார்க்க வழி உண்டா?

உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் தரும் பெரிய வசதி இது. சைலன்சரைக் கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட்டு, புகை வாய்க்குள் டார்ச் அடித்தபடி கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பிஸ்டன் அந்த வாயைக் கடந்து போகும்போது இரு ரிங்குகளும் மெல்லிய பளபளப்பான கோடுகளாகத் தெரியும். சிறு மரக் குச்சியால் மெல்ல அழுத்தினால் ரிங் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையாமல் நின்றால் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிங்குக்குக் கீழே பிஸ்டன் பக்கவாட்டில் பழுப்புக் கறை இறங்கியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கசிகிறது. நெடுக்குவாட்டில் கீறல்கள் இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை பிடித்துவிட்டிருக்கிறது. அத்தகைய எஞ்சினுக்கு ஜெட் மாற்றுவதில் பொருளில்லை, போர் அளந்தே தீர வேண்டும்.

ஐட்லிங்கில் சீராக இல்லாமல் விட்டுவிட்டு வெடிப்பது கோளாறா?

இல்லை. ஐட்லிங்கில் பழைய புகை முழுதாக வெளியேறாததால் சில சுற்றுகளில் கலவை பற்றுவதில்லை. எல்லா இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் இயல்பும் அதுதான். அதைச் சீராக்க ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகிக்கொண்டே போகாதீர்கள், கலவை வறண்டுவிடும்.

எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காக ஜெட் மாற்ற வேண்டுமா?

2025-இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குச் சற்றே கூடுதல் திரவம் தேவைப்படுகிறது. அக்காலப் பெட்ரோலுக்கு ஏற்ப ஜெட் வைத்த வண்டி இன்று கொஞ்சம் வறண்டே ஓடும் என்று எதிர்பார்க்கலாம். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் ஊறிப் பருத்து இளகுவதும், நீண்ட நாள் நிறுத்திய டாங்கில் ஈரம் சேர்ந்து அடியில் நீரும் எத்தனாலும் பிரிந்து நிற்பதும் இதன் மற்ற விளைவுகள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

மாற்றம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நடு ஆக்சிலேட்டரில் சோக் சோதனை வறட்சியைக் காட்டினால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டரில் பிளக் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் மட்டும் உயர்த்தி, மீண்டும் அதே சாலையில், புதிய பிளக்கோடு சோதியுங்கள். சந்தையில் கிடைக்கும் போலி ஜெட்களில் பொறித்த எண்ணும் துளையின் உண்மை அளவும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம் என்பதால், கழற்றிய பழைய அசல் ஜெட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நம்பத்தக்க அளவு அது ஒன்றுதான்.